செவிலியர் தொடர்கல்வி: சிறு, நடுத்தர மருத்துவமனைகளுக்கு எந்த வழி ஏற்றது?

மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா ஊர்களிலும் 30 முதல் 100 படுக்கைகளோடு இயங்கும் தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளில், செவிலியர்களின் தொடர்கல்வி பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் எழுகிறது. பணியாளர்கள் நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கும்போது ஒருமுறை; தரச் சான்றுக்காக என்.ஏ.பி.எச். ஆய்வாளர்கள் வரப்போகும் தேதி தெரிந்தபின் இன்னொருமுறை. இரண்டு சமயங்களிலும் அவசரமாகத் தேடப்படுவது கோப்பில் வைக்க ஒரு சான்றிதழ். பிரசவ அறையிலோ ஐ.சி.யூ.விலோ அந்தச் சான்றிதழுக்கு உரியவர் எதை முன்பைவிட நன்றாகச் செய்கிறார் என்ற கேள்வி அந்த அவசரத்தில் அடிபட்டுப்போகிறது. பதிவுக்காகக் காட்ட வேண்டிய மணி நேரக் கணக்கும் கைத்திறனும் தனித்தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியவை என்பதை ஒப்புக்கொண்டால்தான், எதற்கு எவ்வளவு பணமும் நேரமும் ஒதுக்குவது என்று நிர்வாகம் தெளிவாக முடிவெடுக்க முடியும். வெளியூர்க் கருத்தரங்கு, இணையவழிப் பாடம், நீண்டகாலப் படிப்பு, மருத்துவமனைக்குள்ளேயே நடத்தும் குறும்பயிற்சி, பெரிய மருத்துவமனையோடு சேர்ந்து நடத்தும் காணொலி ஆய்வு என இன்று கைக்கெட்டும் ஐந்து வழிகளையும் அந்த நோக்கில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரிலீவர் இல்லாத கணக்கு

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறியின்படி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஒரு செவிலியர் 150 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்ட வேண்டும். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நன்னடத்தை விதிகள் ஒரு மருத்துவரிடம் அதே ஐந்தாண்டுக்கு எதிர்பார்ப்பது 30 மணி நேரம். தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளக்கூடியவருக்கு ஒரு பங்கும், அடுத்த வாரம் எந்த நாள் நைட் என்பதைக்கூட அறிவிப்புப் பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்பவருக்கு ஐந்து பங்கும் விதிக்கப்பட்டிருப்பது தனியாக விவாதிக்க வேண்டிய விஷயம். இங்கே அதன் விளைவை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். 50 படுக்கை மருத்துவமனை ஒன்றில் 30 செவிலியர்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஆண்டுக்கு 30 மணி நேரம் என்ற வகையில் மொத்தம் 900 மணி நேரம் ஆகிறது. 8 மணி நேர ஷிஃப்டாகப் பிரித்தால், ஏறக்குறைய 112 ஷிஃப்டுகள். அத்தனை ஷிஃப்டுகளுக்கும் ரிலீவர், அதாவது மாற்று ஆள், வேண்டும். இந்த அளவுள்ள மருத்துவமனையில் ரிலீவர் என்று தனியாக யாரும் இருப்பதில்லை.

தொடர்கல்விக்கான தடைகளைப் பற்றி எந்த நாட்டில் ஆய்வு செய்தாலும் நேரமின்மை, பணம், தூரம், வீட்டுப் பொறுப்பு, மேலாளரின் ஆதரவின்மை என்று ஏறத்தாழ ஒரே பட்டியல்தான் வருகிறது. ஆனால் பட்டியலில் அடுத்தடுத்து எழுதப்படுவதால் அவை ஒரே எடையுள்ளவை என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊர் மருத்துவமனைகளில் மற்றவற்றை எல்லாம் இழுத்து வரும் தடை, ஷிஃப்டை விட்டு நகர முடியாமைதான். "உங்கள் ஆஃப் நாளில் போய்விட்டு வாருங்கள்" என்று நிர்வாகம் சொல்லும்போது, வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் ஓய்வு பறிபோகிறது. அந்த நாளுக்கென ஒதுக்கி வைத்த வீட்டு வேலைகள் தள்ளிப்போகின்றன. பேருந்துக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் கையிலிருந்து போகின்றன. அப்படிப் போய் உட்கார்ந்தவர் பிற்பகல் இரண்டு மணிக்குத் தூங்கிவிட்டால் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முந்தைய இரவு அவர் நைட் ட்யூட்டியில் இருந்திருக்கக்கூடும்.

இதற்கு அடுத்த நிலையில் மொழித் தடையை வைப்பேன், இது ஆய்வுப் பட்டியல்களில் உரிய இடம் பெறுவதில்லை என்றாலும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பின்னர் ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ முடித்த ஒருவர் ஆங்கிலத்தில் எழுதவும் கேஸ் ஷீட் படிக்கவும் பழகியிருப்பார். ஆனால் ஐம்பது ஸ்லைடுகளை ஒரு மணி நேரத்தில் ஓட்டும் ஆங்கில உரையில் சந்தேகம் கேட்க எழுந்து நிற்க மாட்டார். மூன்றாவது தடை, கற்றதைச் செய்ய விடாத சூழல். பிரசவத்துக்குப் பின் இரத்த இழப்பை அளக்க வேண்டும் என்று கற்று வந்தவருக்கு, அளவுக் குறியிட்ட விரிப்பை வாங்கித் தராமலும், அவர் எச்சரிக்கும்போது "பார்த்துக்கொள்ளலாம் சிஸ்டர்" என்று மருத்துவர் சொல்லி விட்டாலும், எந்தப் பயிற்சியும் அந்த அறையின் வாசலோடு நின்றுவிடும்.

என்ன தேவை என்பதை எங்கே தேடுவது

வழியைத் தேர்வதற்கு முன், தேவை எது என்பது தெரிய வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஒரு படிவத்தைக் கொடுத்து "எந்தத் தலைப்பில் பயிற்சி வேண்டும்" என்று கேட்டுவிடுகிறார்கள். இதன் பலவீனம் தெரிந்ததுதான்: மருத்துவர்கள் தங்கள் திறனைத் தாங்களே மதிப்பிடுவதை வெளி அளவீடுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, இரண்டும் சரிவரப் பொருந்துவதில்லை என்று காட்டியது. திறன் குறைந்தவர்களும், மிகுந்த தன்னம்பிக்கை உள்ளவர்களும்தான் அதிகம் தவறிக் கணித்தார்கள். அனுபவம் கூடக் கூட எல்லாம் தானே சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் வலுவாக இல்லை. பணி ஆண்டுகளையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளின் 2005ஆம் ஆண்டுத் தொகுப்பில், பாதிக்கும் மேற்பட்டவை ஆண்டுகள் ஏறும்போது தரம் குறைவதையே கண்டன. இவை மருத்துவர்களைப் பற்றியவை. செவிலியர்களுக்கு விதிவிலக்கு இருக்கும் என்று எண்ண எனக்குக் காரணம் தெரியவில்லை.

படிவத்தைவிடக் கேஸ் ஷீட் நம்பகமானது. ஏதேனும் ஒரு வார்டின் கண்காணிப்புத் தாள்களை எடுத்துச் சுவாச எண்ணிக்கைக்கான பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். காய்ச்சலோடு வந்தவருக்கும் 20, அறுவைக்குப் பின் படுத்திருப்பவருக்கும் 20, இரவு இரண்டு மணிக்கும் 20, மறுநாள் மூச்சுத்திணறலோடு ஐ.சி.யூ.வுக்கு மாற்றப்பட்டவருக்கு மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்புகூட 20. நோயாளி மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்பதை முதலில் சொல்லக்கூடிய எண் எண்ணப்படாமலே எழுதப்பட்டிருக்கிறது. இது எந்தச் செவிலியரும் படிவத்தில் எழுதித் தரும் தேவை அன்று. ஆனாலும் மருத்துவமனையின் முதல் தேவை இதுவாகவே இருக்கலாம். கடந்த ஓராண்டில் வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட நோயாளிகள், எதிர்பாராமல் ஐ.சி.யூ.வுக்கு மாற்றப்பட்டவர்கள், மருந்துப் பிழைப் பதிவேடு ஆகிய மூன்றையும் ஒரு பிற்பகல் உட்கார்ந்து பார்த்தால், அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டம் கிடைத்துவிடும்.

வெளியூர்க் கருத்தரங்கு

ஞாயிறன்று நகரத்து ஓட்டல் அரங்கிலோ நர்சிங் கல்லூரியிலோ நடக்கும் ஒரு நாள் சி.என்.இ. (செவிலியர் தொடர்கல்வி) நிகழ்ச்சிதான் பழக்கப்பட்ட வழி. கவுன்சில் ஏற்கும் மணி நேரம் இதில் சிக்கலின்றிக் கிடைக்கிறது. கல்விக் கூட்டங்கள் சிகிச்சை நடைமுறையை எந்த அளவு மாற்றுகின்றன என்பதைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2009இல் 81 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. விரும்பத்தக்க நடைமுறையைப் பின்பற்றுவதில் காணப்பட்ட இடைநிலை முன்னேற்றம் ஏறத்தாழ 6 சதவீதப் புள்ளிகள். உரையோடு பங்கேற்பும் கலந்த கூட்டங்கள் வெறும் உரைகளைவிட மேல் என்றும், சிக்கலான நடத்தைகளை மாற்றுவதில் கூட்டங்களின் பலன் குறைவு என்றும் அந்தத் தொகுப்பு கருதியது. 6 சதவீதம் ஒதுக்கத்தக்கதல்ல. ஆனால் 30 பேரில் இருவரை மட்டும் அனுப்பிவிட்டு, மீதி 28 பேரின் வேலையிலும் அந்த 6 சதவீதத்தை எதிர்பார்ப்பது பொருந்தாது.

யாரை அனுப்புகிறோம் என்பதிலும் ஒரு கோளாறு உண்டு. பெரும்பாலும் இன்சார்ஜ் சிஸ்டரோ, மேலிடத்துக்கு நெருக்கமானவரோ போகிறார். இரவில் தனியாக வார்டைப் பார்க்கும், பணியில் சேர்ந்து ஆறு மாதமான செவிலியர் ஒருபோதும் போவதில்லை. கருத்தரங்கின் உண்மையான பயன் வேறு என்பது என் கருத்து: பிற மருத்துவமனைகள் எப்படிச் செய்கின்றன என்று கண்ணால் பார்ப்பது, புதிய வழிகாட்டுதல் வந்திருப்பதைக் கேள்விப்படுவது, சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்க நாலு பேரின் அறிமுகம் கிடைப்பது. இவை பயிற்சி தரும் பொறுப்பிலிருப்பவருக்கு மிகவும் வேண்டியவை, எல்லோருக்கும் அல்ல.

இணையவழிப் பாடம்

2020இல் கோவிட் தொடங்கியபோது மத்திய அரசு தீக்‌ஷா தளத்தின் வழியே ஐகாட் என்ற இணையப் பயிற்சிப் பாடங்களை வெளியிட்டதிலிருந்து, கைப்பேசியில் பாடம் பார்த்துச் சான்றிதழ் பெறுவது செவிலியர்களுக்குப் புதிதாக இல்லை. செலவு மிகக் குறைவு. ஷிஃப்டை யாரும் விட வேண்டியதில்லை. தாய்மைப் பராமரிப்புக்கான சேஃப் டெலிவரி ஆப் போன்றவற்றை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் பார்க்கலாம். இணையவழிக் கற்றலை வகுப்பறைக் கற்றலோடு ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பு, இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்ற முடிவுக்கே வந்தது. இதை இணையவழிக்கு எதிரான செய்தியாகச் சிலர் படிக்கிறார்கள். என் வாசிப்பு நேர்மாறானது: பலன் ஒன்றுபோல் இருக்குமானால், பேருந்தும் ரிலீவரும் தேவைப்படாத வழியே நமக்கு மலிவு.

எனினும் அதன் எல்லை தெளிவானது. மருந்தின் அளவு, புதிய வழிகாட்டுதல், தொற்றுக் கட்டுப்பாட்டு விதி போன்ற தகவல்களுக்கு அது போதும். கையால் செய்ய வேண்டியதற்கும், நாலு பேர் சேர்ந்து இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டியதற்கும் போதாது. மேலும், "ட்யூட்டி முடிந்து வீட்டில் பாருங்கள்" என்று சொல்லிவிட்டால் சுமை சத்தமில்லாமல் நிர்வாகத்தின் தோளிலிருந்து செவிலியரின் இரவுத் தூக்கத்துக்கு மாறிவிடுகிறது. காணொலியை ஓடவிட்டுவிட்டுச் சமைப்பதும், இறுதித் தேர்வின் விடைகள் வாட்ஸ்ஆப் குழுவில் வலம் வருவதும் இதன் இயல்பான விளைவுகள். மாதம் இரண்டு மணி நேரத்தைப் பணி நேரமாகவே எழுதிக்கொடுத்து, மருத்துவமனையின் வைஃபையில் பார்க்கச் சொன்னால், இந்த வழி நேர்மையாக நடக்கும்.

நீண்டகாலப் படிப்பு

போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., ஓராண்டுச் சிறப்புத் துறை டிப்ளமோ, தீவிர சிகிச்சைக்கான இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு ஆகியவை ஒருவரின் வாழ்க்கைப் பாதையையே மாற்றக்கூடியவை. மருத்துவமனையின் அடுத்த ஆண்டுத் தேவைக்கு இவை விடையாகா. படித்து முடித்தவர் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ போய்விடுவார் என்ற அச்சம் நிர்வாகங்களுக்கு உண்டு. அது ஆதாரமற்ற அச்சமும் அல்ல. அதற்கு மாற்றாக அசல் சான்றிதழ்களை அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கத்தை மட்டும் எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. திரும்பி வந்தால் என்ன பதவி, என்ன சம்பளம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர முடிந்தால் ஐந்தாண்டுக்கு ஒருவரையோ இருவரையோ அனுப்பலாம். தர முடியாவிட்டால் இந்த வழியைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

வார்டிலேயே குறும்பயிற்சி

இந்த வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் மிகத் தெளிவான ஆதாரம் உள்ளதும் இதுவே. வட தான்சானியாவில் ஹைடோம் லூதரன் மருத்துவமனை என்ற கிராமப்புற மருத்துவமனை இருக்கிறது. பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைகளைக் காப்பாற்றுவதற்கான 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' பயிற்சி அங்கே ஒரு நாள் வகுப்பாக நடத்தப்பட்டது. 2013இல் வெளியான முடிவு சங்கடமானது: பொம்மையின் மீது செய்து காட்டும்போது எல்லோருடைய திறனும் கூடியிருந்தது, உண்மையான பிரசவ அறையில், உண்மையான குழந்தைகளுக்குச் செய்த சிகிச்சையில் மாற்றமே இல்லை. அதன்பின் அதே மருத்துவமனையில் முறையை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ அறையிலேயே வைத்து, வாரந்தோறும் மூன்று முதல் ஐந்து நிமிடம் செய்து பார்ப்பதும், மாதம் ஒருமுறை 40 நிமிட மறுபயிற்சியும் என்று வகுத்தார்கள். 2015இல் வெளியான அடுத்த முடிவின்படி, பிறந்து 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1இலிருந்து 7.2ஆகக் குறைந்தார்கள். பாடம் ஒன்றே, பொம்மை ஒன்றே, ஊழியர்களும் ஏறக்குறைய அவர்களே. மாறியது பயிற்சியின் இடமும் இடைவெளியும்.

நம் மருத்துவமனையில் இது எப்படி இருக்கும்? காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும் இடத்தில், 1.45 மணிக்குப் பிற்பகல் ஷிஃப்டினரும் வந்துவிட்டிருப்பார்கள். இரண்டு ஷிஃப்டுகளும் ஒரே அறையில் இருக்கும் அரிய 15 நிமிடம் அது. இன்சார்ஜ் சிஸ்டர் தண்ணீர் நிரப்பிய பொம்மையை ஒருவர் கையில் கொடுத்து, "குழந்தை அழவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். துடைப்பது, முதுகைத் தேய்த்துத் தூண்டுவது, தலையைச் சரியான நிலையில் வைப்பது, ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பையால் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) மூச்சுக் கொடுக்கத் தொடங்குவது. மாஸ்க் தாடை நுனியையும் வாயையும் மூக்கையும் மூட வேண்டும், கண்ணில் ஏறக் கூடாது. நெஞ்சு உயராவிட்டால் மாஸ்கைத் திருத்த வேண்டும். பத்து ஆண்டு அனுபவமுள்ளவர்களுக்கும் முதல் தடவை நெஞ்சு உயராமல் போவது வழக்கம். அதை அங்கேயே, நோயாளி இல்லாத நேரத்தில், சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ள முடிகிறது. விளக்கம் முழுவதும் தமிழில், ஸ்லைடு இல்லை, சான்றிதழ் இல்லை.

அடுத்த வாரம் கர்ப்பகால வலிப்புக்கான மக்னீசியம் சல்பேட். 2 மி.லி. ஆம்பூல் ஒன்றில் 50 சதவீதக் கரைசலாக 1 கிராம் இருக்கிறது. சிரைவழியே கொடுக்கும் 4 கிராமை 20 சதவீதக் கரைசலாக்க, நான்கு ஆம்பூல்களின் 8 மி.லி.யோடு 12 மி.லி. நார்மல் சலைன் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கு பாடமாகத் தெரிந்தவர்களும், காலாவதியான ஆம்பூல்களை உடைத்து 20 மி.லி. சிரிஞ்சில் உண்மையாகவே நிரப்பச் சொன்னால் தடுமாறுகிறார்கள்; நாலு ஆம்பூலா எட்டா என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. அந்தத் தடுமாற்றம் வெளிப்படும் இடம் பயிற்சி மேசையாக இருப்பது எல்லோருக்கும் நல்லது. அதற்கு அடுத்த வாரம், ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்துச் சுவாசம் எண்ணுவது, செலவு ஒன்றுமில்லை.

2023இல் வெளியான ஈ-மோட்டிவ் சோதனையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கை அளவுக் குறியிட்ட விரிப்பால் அளந்து, உடனே ஒரு தொகுப்பாகச் சிகிச்சை தொடங்கும் முறை சோதிக்கப்பட்டது. கடும் இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, அதனால் நேரும் மரணம் ஆகியவற்றைச் சேர்த்த கணக்கு, வழக்கமான சிகிச்சை தந்த மருத்துவமனைகளில் 4.3 சதவீதமாகவும் புதிய முறையைக் கையாண்டவற்றில் 1.6 சதவீதமாகவும் இருந்தது. அங்கும் பயிற்சி பணியிடத்திலேயே நடந்தது. ஆனால் விரிப்பும் மருந்துத் தட்டும் கூடவே தரப்பட்டன. பொருள் தராமல் பயிற்சி மட்டும் தரும் மருத்துவமனை இந்த எண்களை எதிர்பார்க்க உரிமையற்றது.

குறும்பயிற்சியின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. நடத்துபவர் தவறாகச் செய்தால் அந்தத் தவறு 30 பேருக்கும் ஒருசேரப் பரவும். நடத்துபவர் விடுப்பில் போனால் பயிற்சியும் விடுப்பில் போய்விடும். ஜூனியர்கள் முன்னிலையில் செய்து காட்டச் சீனியர்கள் தயங்குவார்கள். தவறியவரின் பெயரை யாராவது ஒருமுறை மேலிடத்தில் சொல்லிவிட்டால், அதன்பின் எவரும் பொம்மையைத் தொட மாட்டார்கள். இந்த நான்கில் கடைசியானதுதான் மிகப் பெரிய ஆபத்து என்று நான் கருதுகிறேன்.

காணொலிவழி ஆய்வு

2003இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் சஞ்சீவ் அரோரா, ஹெபடைடிஸ் சி நோயாளிகள் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்ததைக் கண்டு தொடங்கிய ஈக்கோ முறை, நோயாளியை நகர்த்தாமல் அறிவை நகர்த்தும் ஏற்பாடு. ஊர்ப்புற மருத்துவர்களும் செவிலியர்களும் தங்கள் நோயாளியைப் பற்றிக் காணொலியில் எடுத்துரைக்க, நிபுணர் குழு வழிகாட்டும். 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஒப்பீட்டில், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதமும் ஊர்ப்புற மையங்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதமும் குணமடைந்திருந்தார்கள். இந்தியாவிலும் இம்முறை வேரூன்றி வருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநலத் துறையில் இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறது.

இதன் அழகு, தேவை மதிப்பீடும் பயிற்சியும் ஒன்றாகவே நடந்துவிடுவதில் இருக்கிறது. எடுத்துரைக்கப்படும் நோயாளியே பாடம். ஆனால் நிபுணர் மையம் ஒன்று முன்வந்தால்தான் இது சாத்தியம். பேச்சு மருத்துவர்களிடையே சுருங்கிச் செவிலியர்கள் பார்வையாளர்களாகி விடுவதும் உண்டு. நீரிழிவுப் புண், மனநலம், வலி தணிப்பு, காசநோய் போன்ற நீண்டகாலப் பராமரிப்புக்கு இது மிகவும் ஏற்றது. அவசரச் சிகிச்சையின் கைத்திறனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

எதற்கு எவ்வளவு

30 முதல் 100 படுக்கை வரையிலான மருத்துவமனைக்கு என் பரிந்துரை, குறும்பயிற்சியை முதன்மையாக வைத்துக்கொள்வது. வாரம் இரண்டு முறை 10 நிமிடமும் மாதம் ஒருமுறை 40 நிமிடமும் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. நைட், ஆஃப், விடுப்பு எல்லாம் போக ஒருவருக்கு அதில் பாதியே கிடைத்தாலும் 12 மணி நேரம். அதற்காக ஒரு ஷிஃப்டைக்கூடக் காலியாக விட வேண்டியதில்லை. அடுத்த இடம் பணி நேரத்துக்குள் பார்க்கும் இணையவழிப் பாடத்துக்கு. கருத்தரங்குக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர், திரும்பி வந்த பத்து நாளுக்குள் கற்றதில் ஒன்றைக் குறும்பயிற்சியாக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு; அவர்களில் ஒருவராவது இரவு ஷிஃப்டில் அதிகம் இருப்பவராக இருக்கட்டும். மையம் கிடைத்தால் காணொலி ஆய்வு. கிடைக்காவிட்டால் அதற்காக எதையும் நிறுத்திவைக்க வேண்டாம்.

செவிலியர்கள் ஓராண்டுக்குள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள், பயிற்சி வீண் என்ற வாதத்துக்கும் இந்த ஏற்பாடே பதிலாகிறது. மாதந்தோறும் புதியவர்கள் வந்துகொண்டிருக்கும் இடத்தில், ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் பெரிய வகுப்பு பாதிப் பேரைத் தவறவிட்டுவிடும். வாரந்தோறும் நடப்பது யாரையும் நீண்ட நாள் தவறவிடாது.

சில இடங்களில் இந்த வரிசை மாறும். நர்சிங் கல்லூரியோடு இணைந்த பெரிய மருத்துவமனைக்குத் தனிப் பயிற்சி ஆசிரியர்களும் திறன் ஆய்வகமும் இருப்பதால், தானே அங்கீகாரம் பெற்ற நிகழ்ச்சிகளை நடத்தி அண்டை ஊர்களையும் சேர்த்துக்கொள்வது பொருத்தம். மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள் முறை மாற்றிப் பணிபுரியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்ற இருவர் 24 மணி நேரத்தையும் பங்கிட வேண்டியிருக்கும். அங்கே ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இருவர் செய்யும் பயிற்சியைத் தவிர வேறொன்று நிலைக்காது. வட்டார அளவில் அனுபவமிக்க செவிலியர் ஒருவர் மாதம் ஒருமுறை அந்த நேரத்துக்கு நேரில் வந்து போவது அதற்குத் துணையாகும். பணியிடத்துக்கே சென்று கற்பிக்கும் வருகைகளைத் தொகுத்த 2007ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்விலும் இடைநிலை முன்னேற்றம் 5.6 சதவீதம், அதாவது கூட்டங்களுக்குச் சமமான பலன்.

மணி நேரக் கணக்கைக் கைவிடச் சொல்லவில்லை. குறும்பயிற்சிக்கு மாநிலக் கவுன்சிலிடம் முன்னனுமதி பெற முடியுமா என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த மணி நேரத்தை இணையவழியாலும் அங்கீகாரம் பெற்ற நிகழ்ச்சிகளாலும் நிரப்பி, அதற்கான கட்டணத்தை நிர்வாகமே ஏற்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, தொடக்கத்தில் எடுத்துப் பார்த்த அதே வார்டின் கண்காணிப்புத் தாள்களை மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். சுவாசப் பத்தியில் 16உம் 22உம் 28உம் தென்படத் தொடங்கியிருந்தால் பயிற்சியை அடுத்த தலைப்புக்கு நகர்த்தலாம். இன்னும் எல்லோருக்கும் 20ஆகவே இருந்தால், செவிலியர்களைக் கூப்பிட்டுக் கண்டிப்பதற்கு முன், ஒரு ஷிஃப்டில் ஒருவர் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்ற எண்ணை நிர்வாகம் முதலில் எடுத்து வைக்கட்டும்.